வீணைக்குடம் பாடட்டும், ஸ்பீக்கர் பெட்டி பாட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழின் மாணவர் பக்கத்தில், விடுமுறையில் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சாமான்கள் பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஸ்டீரியோ ஸ்பீக்கரும் அதில் ஒன்று. வாசித்ததும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் எந்த ட்ரைவரை (பெட்டிக்குள் சத்தம் எழுப்பும், கூம்பு மாதிரியான கோனும் காந்தமும் சேர்ந்த பாகம்) வாங்குவது, பெட்டியை எதில் அடிப்பது என்ற இடத்துக்கு வந்ததும், கூடிய வாட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், கிடைக்கிற பலகையில் அடியுங்கள் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். பிள்ளைகளின் காசு வீணாகிற இடமே அந்த இரண்டு வரிதான். என் காசும் அங்கேதான் போனது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இடமிருந்தால் முழுவதையும் போடுங்கள்.

நான் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் 26 வருடமாக வாய்ப்பாட்டும் வீணையும் சொல்லிக்கொடுக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் என் சுருதிப் பெட்டி வேலை செய்யவில்லை. ஃபோனில் தம்புரா போட்டு, உள்ளங்கை அளவான ஒரு பிளாஸ்டிக் புளூடூத் ஸ்பீக்கரில் கேட்கவைத்துப் பாடம் நடத்தினேன். இரண்டு வாரத்தில் பிள்ளைகளின் சுருதி தளர ஆரம்பித்தது. நன்றாகப் பாடுகிற பிள்ளைகளே கீழ் ஸட்ஜத்தில் வந்து நிற்கும்போது இடம் தெரியாமல் தடுமாறினார்கள்.

காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. பெண் பிள்ளைகளுக்கு நான் ஐந்தரைக் கட்டைச் சுருதி வைக்கிறேன். அதில் நடு ஸட்ஜம் சுமார் 208 ஹேர்ட்ஸ். தம்புராவின் கடைசித் தந்தி, கீழ் ஸ்தாயியில் வரும் அந்த மந்திர ஸட்ஜம், அதில் பாதி, சுமார் 104. ஒரு கட்டையில் பாடும் ஆண் பிள்ளைகளுக்கு அதே தந்தி சுமார் 65க்கு இறங்கிவிடும். உள்ளங்கை ஸ்பீக்கரால் அந்த இடத்தில் காற்றைத் தள்ளவே முடியாது. அடி ஸ்வரம் வராவிட்டாலும் அதன் மேலே எழும் கிளை ஒலிகளை வைத்துக் காது அடியைத் தானாக நிரப்பிக்கொள்ளும், அதனால் பாட்டுக் கேட்பவர்களுக்குப் பெரிய குறை தெரியாது. பழகும் பிள்ளைக்கு அது போதாது. சாய்ந்து நிற்கச் சுவர் வேண்டும், சுவரின் படம் போதாது. மிருதங்கப் பதிவு போட்டாலும் இதே கதைதான். வலது முகமான வலந்தலை கேட்கும், இடது முகமான தொப்பி எங்கேயோ போய்விடும்.

கடையில் நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று விசாரித்தால் அப்போதைய டொலர் விலையில் நெஞ்சு அடைத்தது. சரி, நாமே செய்வோம் என்று தங்கையின் மகனைக் கூட்டிக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனேன். என் பெறாமகனுக்கு ஈயம் வைத்து ஒட்டும் வேலை நன்றாக வரும். எனக்குக் காது இருக்கிறது. இரண்டு பேருமாகச் சமாளிக்கலாம் என்று நினைத்தோம்.

முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் வரிசையாக ஸ்பீக்கர்கள் தொங்கின. காருக்குப் போடும் ஆறரை அங்குல சோடி ஒன்றின் காந்தத்தில் 200 வாட் என்று பொன் எழுத்தில் அடித்திருந்தது. "டீச்சர், இதைவிடச் சத்தம் வேறு எதிலும் வராது" என்றார் கடைக்கார நானா. அவரைப் பிழை சொல்ல மாட்டேன். வருகிற எல்லோரும் அவரிடம் கேட்பது வாட் எத்தனை என்பதை மட்டும்தான். நானும் அதையே கேட்டு, அதையே வாங்கிக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வாட் எண் சொல்வது ஒரு விஷயத்தைத்தான். அந்த ட்ரைவரின் உள்ளே இருக்கும் செப்புச் சுருள் எவ்வளவு மின்சாரம் வரை கருகாமல் தாங்கும் என்பது. சத்தம் எவ்வளவு வரும் என்று அது சொல்லாது. அதைச் சொல்வது வேறு எண், ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். 86 டெசிபல் ட்ரைவருக்கும் 89 டெசிபல் ட்ரைவருக்கும் எண்ணில் வித்தியாசம் மூன்றுதான். ஆனால் அதே சத்தத்துக்கு முதலாவது இரண்டு மடங்கு மின்சாரம் கேட்கும். பற்றரியில் ஓடும் பெட்டிக்கு அந்த இரண்டு மடங்கு என்ன என்பது யாருக்கும் விளங்கும். காதுக்கு இரட்டிப்புச் சத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். 10 வாட்டையும் 20 வாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், கொஞ்சம் கூட்டினார்கள் என்று மட்டுமே சொல்வீர்கள்.

அது மட்டுமல்ல. கையில் தூக்கும் பெட்டியில் வழக்கமாகப் போடுவது 18650 என்ற உருளை லித்தியம் செல்கள், மூன்றைத் தொடராக. நிரம்பியிருக்கும்போது 12.6 வோல்ட், சராசரியாக 11. அந்த வோல்டில், மின்சாரத்தை அதிகம் வீணாக்காத இன்றைய கிளாஸ் டி வகை அம்ப்ளிஃபயர் 4 ஓம் ட்ரைவருக்குக் கொடுக்கக்கூடியது, கணக்குப்படி போட்டாலும் ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 முதல் 18 வாட். 8 ஓம் என்றால் அதில் பாதி. அப்படியிருக்க 200 வாட் தாங்கும் ட்ரைவரை வாங்கி என்ன செய்வது? தாங்கும் சுருளும் அதற்கேற்ற கனமான கோனும் காந்தமும் சேர்ந்து பாரத்தைக் கூட்டியதுதான் மிச்சம்.

கார் ட்ரைவரில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அது காரின் கதவுக்குள், பின்னால் நிறையக் காற்றுள்ள இடத்தில் வேலை செய்யச் செய்தது. சின்னப் பெட்டிக்குள் அடைத்தால் மூச்சு முட்டும். ஒரு ட்ரைவர் எந்த அளவுப் பெட்டியில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மூன்று எண்களில் சொல்லிவிடலாம் என்று ஆஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல் 1961இல் எழுதி வைத்தார். ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை விரிவாக்கினார். ட்ரைவர் தானாக அதிரும் இடம் எஃப்.எஸ். அந்த அதிர்வு எவ்வளவு கெதியாக அடங்கும் என்பது கியூ.டி.எஸ். அதன் கோனின் தொய்வுக்குச் சமமான காற்றின் அளவு வி.ஏ.எஸ், லீற்றரில். இந்த மூன்றும் தெரியாமல் பெட்டி அடிப்பது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி.

என் கார் ட்ரைவருக்குப் பிறகு தேடிப் பிடித்த எண்கள் 65 ஹேர்ட்ஸ், 0.75, 14 லீற்றர். என் பெட்டியில் ஒரு பக்கத்துக்கு 4.2 லீற்றர் இடம்தான். மூடிய பெட்டிக்குக் கணக்கு லேசானது. வி.ஏ.எஸ்ஸைப் பெட்டியின் லீற்றரால் பிரித்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். எனக்கு 2.08 வந்தது. அதை 65ஆல் பெருக்கினால் 135 ஹேர்ட்ஸ், 0.75ஆல் பெருக்கினால் 1.56. இந்த இரண்டாவது எண் 0.7க்குப் பக்கத்தில் இருந்தால் ஒலி சமமாக இறங்கும். 1.56 என்றால் 135க்குப் பக்கத்தில் எது வந்தாலும் ஊதிப் பெருத்துக் கேட்கும், அதற்குக் கீழே ஒன்றும் இராது. அப்படியேதான் கேட்டது. எல்லாப் பாட்டிலும் ஒரே இடத்தில் "பொம்" என்று ஒரு குடம் உருண்டது. பேஸ், அதாவது கீழ் ஒலி, நன்றாக வருகிறது என்று வந்தவர்கள் சொன்னார்கள். ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வருவதை நான் பேஸ் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இடையில் பஞ்சிகாவத்தைக்கும் போனோம். பழைய ஜப்பான் கார்களில் கழற்றிய ஸ்பீக்கர்கள் அங்கே மலிவாகக் கிடைக்கும், சிலவற்றில் காந்தமும், கோனைத் தாங்கும் கூடையும் அருமையாக இருக்கும். அப்படி ஒன்றைக் கையில் எடுத்து, கோனைச் சுற்றி இருந்த மெத்தென்ற வளையத்தை விரலால் லேசாகத் தொட்டேன். தொட்ட இடம் அப்படியே உள்ளே போனது. விரலில் கறுப்பு மாவாக ஒட்டியிருந்தது, கொஞ்சம் பிசுபிசுப்பு வேறு. ஃபோம் வளையம் ஈரக்காற்றில் இப்படித்தான் உதிரும். காய்ந்த நாடுகளிலேயே பத்துப் பதினைந்து வருடத்தில் போய்விடும் சாமான், கொழும்பின் புழுக்கத்திலும் கடல் காற்றிலும் எத்தனை நாளைக்கு? எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே ஆண்டுக்கு ஒரு முறை துருச் சுரண்டிப் பூசாவிட்டால் பொருக்குப் பொருக்காக உரியும். அதனால் இந்த ஊரில் ட்ரைவர் வாங்குகிறவர்கள் ரப்பர் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன். கோன் பொலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்காக இருந்தால் ஈரத்துக்குப் பயமில்லை. கடதாசிக் கோனின் குரல் எனக்குப் பிடிக்கும், பூச்சு அடித்த கடதாசியாக இருந்தால் அதுவும் தாங்கும். பூசாத வெறும் கடதாசி ஈரம் குடித்துக் கனத்துப்போகும்.

கடைசியில் நான் எடுத்தது, கீழ் ஒலியையும் மேல் ஒலியையும் ஒரே கோனில் தரும் நாலு அங்குல ஃபுல்ரேஞ்ச் சோடி. 4 ஓம், ரப்பர் வளையம், பூச்சு அடித்த கடதாசிக் கோன், 86 டெசிபல். மூன்று எண்களும் காகிதத்தில் அச்சடித்துக் கூடவே வந்தன: 72 ஹேர்ட்ஸ், 0.40, 5.5 லீற்றர். காந்தம் நியோடிமியம், ஃபெரைட் காந்தத்தில் பாதிப் பாரமும் இல்லை. காந்தத்தில் அடித்திருந்த வாட் 20தான். ஃபுல்ரேஞ்ச் எடுத்ததற்குக் காரணம், பாட்டுக் குரலும் வீணையும் முழுவதுமாக ஒரே கோனிலிருந்து வர வேண்டும் என்ற ஆசை. ஜால்ராவும் கஞ்சிராச் சலங்கையும் மினுங்க வேண்டும் என்பவர்கள், மேல் ஒலிக்கு மட்டுமான ட்வீட்டர் என்ற சின்ன ட்ரைவரைச் சேர்க்கலாம். 8 ஓம் ட்வீட்டருக்குத் தொடராக 3.3 மைக்ரோஃபரட் கபாசிற்றர் ஒன்று வைத்தால் சுமார் 6000 ஹேர்ட்ஸுக்கு மேல் மட்டும் அதற்குப் போகும். நான் வைக்கவில்லை.

இனிப் பலகைக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதே அதுதான்.

முதல் பெட்டியைப் பலா மரத்தில்தான் செய்வித்தேன். வீணைக்குடம் பலாவில் குடைந்தது, மிருதங்கமும் பலா. நாதத்துக்குப் பேர்போன மரம். மொரட்டுவையிலிருந்து வரும் எங்கள் தச்சு பாஸ், ஆறு மில்லிமீற்றருக்கு இழைத்து, மூலைகளைப் பல்லுப்பல்லாகக் கோர்த்து, மெழுகு தேய்த்துக் கொண்டுவந்து வைத்தார். மஞ்சள் பொன்னாக, பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தது. அதில் கார் ட்ரைவர்கள் குடம் உருட்டியதைத்தான் மேலே சொன்னேன். அவற்றைக் கழற்றி, முன்பலகையை மட்டும் மாற்றி, புதிய நாலு அங்குலச் சோடியைப் போட்டேன். உருளல் போய்விட்டது. ஆனால் தம்புரா போட்டதும் வேறொன்று கேட்டது. ப - ஸ - ஸ - ஸ என்று தந்திகள் வரிசையாக வரும்போது, பஞ்சமம் வருகிற ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் நீண்டு, மூக்கால் பேசுவது போல் கேட்டது. மற்ற மூன்றும் சுத்தம். ட்ரைவர்தான் பிழை என்று இரண்டையும் இடம் மாற்றினோம். வயரை மாற்றினோம். பஞ்சமம் அப்படியே இருந்தது.

ஒரு நாள் மாலை வகுப்புத் தொடங்கும் முன், தற்செயலாக மேல் பலகையில் உள்ளங்கையை வைத்தேன். மூக்குச் சத்தம் நின்றது. கையை எடுத்தேன், திரும்பி வந்தது. அடுப்படியிலிருந்து பத்து அரிசி மணி எடுத்து வந்து பலகையின் நடுவில் போட்டேன். ஸட்ஜத் தந்திகள் வரும்போது மணிகள் சும்மா கிடந்தன. பஞ்சமம் வந்ததும் எல்லாம் எழுந்து துள்ளி, பலகையின் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஐந்தரைக் கட்டையில் அந்தப் பஞ்சமம் சுமார் 156 ஹேர்ட்ஸ். மெல்லிய பலாப் பலகையின் சொந்தச் சுருதியும் அதற்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. பெட்டி கூடவே பாடிக்கொண்டிருந்தது.

வீணைக்குடத்தின் வேலை பாடுவது. தந்தியின் சின்ன அசைவை வாங்கி, தன் குணத்தையும் சேர்த்து வெளியே கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் பலாவைத் தேடிப் பிடித்துக் குடைகிறார்கள். ஸ்பீக்கரில் அந்த வேலை முடிந்துபோன வேலை. வீணை ஒரு முறை பாடிவிட்டது, அதைப் பதிந்துவிட்டார்கள். பெட்டி அதற்கு மேல் தன் குரலைச் சேர்த்தால் எல்லா வீணையும் ஒரே வீணையாகிவிடும். ஸ்பீக்கர் பெட்டிக்கு விறைப்பும் ஊமைத்தன்மையும் வேண்டும். மரக்கடையில் கேட்கும்போது பலகையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வீணைக்கு எடுப்பவர் "டிங்" என்று நீள்வதைத் தேடுவார். நீங்கள் "டொக்" என்று உடனே செத்துப்போவதை எடுங்கள்.

மரக்கட்டைப் பலகையில் இன்னொரு தொல்லை, மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். நாருக்குக் குறுக்கே அந்த அசைவு கூடுதல். மூன்று மாதத்தில் என் பலாப் பெட்டியின் பின்மூலையில் தலைமுடி அளவு விரிசல் வந்தது. பேஸ் வரும்போது அதன் வழியாகக் காற்று சீறியது. அடுத்ததாக, மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பற்றிக் கேட்பீர்கள். ஊமைத்தன்மையில் அது கெட்டிக்காரப் பலகை. ஆனால் பாரம், அரிந்தால் வரும் தூசி நெஞ்சுக்குக் கூடாது, தண்ணீர் பட்டால் ஓரம் பிஸ்கட் மாதிரி ஊறும். வீட்டுக் கூடத்தில் ஒரே இடத்தில் இருக்கப்போகும் பெட்டிக்குச் சரி. மழைக்குள் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகும் பெட்டிக்கு வேண்டாம்.

நான் போனது 12 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட்டுக்கு. அடுக்கடுக்காக நார் மாறி மாறி இருப்பதால் எந்தப் பக்கமும் அதிகம் அசையாது, பசையும் தண்ணீருக்குத் தாங்கும். பாஸுக்கு மனம் வரவில்லை. பலாவை விட்டுவிட்டுப் பிளைவுட்டா என்று கவலையோடு கேட்டார். அரிசி மணியைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிளைவுட்டை அரியத் தொடங்கினார். உள்ளே முன்னிருந்து பின்னுக்கு ஒரு குறுக்குச் சட்டம் வைக்கலாம் என்று யோசனை சொன்னதும் அவர்தான். அந்தச் சட்டம் பலகையின் கனத்தைவிட அதிக வேலை செய்கிறது.

அளவுகள் வேண்டுபவர்களுக்கு: வெளியளவு 44 சென்ரிமீற்றர் நீளம், 20 உயரம், 18 ஆழம். உள்ளே இரண்டு குறுக்குப் பலகை வைத்து மூன்று அறை. இரு ஓரத்திலும் ட்ரைவருக்கு 16 அகலத்தில் அறை, நடுவில் 7 அகலத்தில் பற்றரிக்கும் அம்ப்ளிஃபயருக்கும். இடது வலது அறைகளுக்கு நடுவே காற்றுப் போகவே கூடாது. ஒரு பக்கத்துக் கோன் தள்ளும் காற்று மற்றப் பக்கத்துக் கோனை ஆட்டினால் ஸ்டீரியோ என்பது பெயரளவில்தான். அதற்காக 44 சென்ரிமீற்றரில் பெரிய மண்டபத்தை எதிர்பார்க்கவும் கூடாது. தம்புராவுக்கும் பாட்டுக்கும் நடுவே கொஞ்சம் காற்றோட்டம் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு ட்ரைவர் அறைக்கும் ஒரு பிவிசி குழாய். உள்விட்டம் சுமார் 3.5 சென்ரிமீற்றர், நீளம் 12. 4.2 லீற்றர் அறைக்கு அது சுமார் 70 ஹேர்ட்ஸில் நிற்கும். கோனின் பின்பக்கக் காற்று அந்தக் குழாய் வழியாக வந்து முன்பக்கத்துக்குத் துணை நிற்பதால், நாலு அங்குல ட்ரைவரிலேயே ஐந்தரைக் கட்டை மந்திர ஸட்ஜம் முழுதாக நிற்கிறது. ஒரு கட்டையின் 65 முழுதாக வராது, ஆனால் இருக்கிறது என்று தெரிகிறது. குழாயின் உள்முனைக்கும் பின்பலகைக்கும் நடுவே குழாயின் விட்டத்தளவாவது இடம் விட வேண்டும். உள்சுவர்களில் பழைய கம்பளித் துண்டு ஒட்டினோம். முதலில் தலையணையைப் பிரித்து இலவம் பஞ்சு வைத்துப் பார்த்தோம். மூடிய பெட்டியாக இருந்தால் அது நல்ல சாமான். குழாய் வைத்த பெட்டியில் நூல் நூலாகக் குழாய் வழியே பறந்து வந்தது.

முன்பக்கத் துணிக்கு அம்மாவின் பழைய வொயில் சேலைத் துண்டு. எந்தத் துணியானாலும் வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள், மூச்சு தடைப்படாமல் போக வேண்டும். ஸ்குரூ எல்லாம் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு. இரும்பு வேண்டாம், கடல் காற்று தேடி வந்து தின்னும்.

மூடுவதற்கு முன் ஒரு சோதனை. பேனா டோர்ச் பற்றரி ஒன்றை ட்ரைவரின் இரு முனையிலும் ஒரு கணம் தொட்டால், கூட்டல் முனை சரியாக இருந்தால் கோன் வெளியே வரும். இரண்டு ட்ரைவரும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போனால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், முதலில் காணாமல் போவது பேஸ்தான். ட்ரைவரை மாற்ற வேண்டும் என்று என்னிடம் கொண்டுவந்த ஒரு பையனின் பெட்டியில் வயர் மாறியிருந்தது மட்டும்தான் குறை.

மின்சாரப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.பி.ஏ. 3116 என்ற சில்லு உள்ள அம்ப்ளிஃபயர் பலகை எங்களுக்குச் சரியாக வந்தது. 4.5 முதல் 26 வோல்ட் வரை எதிலும் ஓடும், சூடாவது குறைவு. செல்கள் ஆறு, இரண்டிரண்டாக மூன்று தொடர், சுமார் 57 வாட்மணி. வகுப்புச் சத்தத்தில் காலை முதல் மாலை வரை தாங்குகிறது. பிள்ளைகளிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பழைய லப்டொப் பற்றரியை உடைத்து எடுத்த செல்களைச் சேர்த்துக் கட்ட வேண்டாம். ஒன்றின் வயதும் ஒன்றின் வயதும் ஒத்துப்போகாது, லித்தியம் பிடித்தால் லேசில் அடங்கும் நெருப்பு இல்லை. ஒரே வகைப் புதுச் செல்களும் அவற்றுக்கான பாதுகாப்பு மின்சுற்றுப் பலகையும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. ஒட்டும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எல்லாமாகச் சேர்த்துப் பெட்டி ஐந்தரைக் கிலோ. போன நவராத்திரிக்குக் கோயில் வெளிமண்டபத்துக்கு இரண்டு பிள்ளைகள் மாறி மாறித் தூக்கி வந்தார்கள். நடுவில் வைத்தபோது வீட்டில் கேட்ட கனம் இல்லை. திறந்த வெளியில் கீழ் ஸ்வரங்கள் கலைந்துவிடும். தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் நிலத்தில் வைத்தோம், பாதி திரும்பி வந்தது. அன்று முன்வரிசையில் இருந்த பத்து வயதுப் பிள்ளை, பாடி முடித்துவிட்டு என் காதுக்குள் வந்து, "டீச்சர், தம்புராவுக்குள்ளே ஒரு காந்தாரம் கேட்குது" என்றாள். யாரும் மீட்டாத அந்த ஸ்வயம்பு காந்தாரம், மந்திரத் தந்தியின் ஐந்தாவது கிளை ஒலி, ஐந்தரைக் கட்டையில் 520க்குப் பக்கத்தில் எழும். பிளாஸ்டிக் ஸ்பீக்கரில் பாடிய இரண்டு வருடமும் என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் அது கேட்டதில்லை.

கையால் செய்வது இந்த நகரத்துக்குப் புதிது இல்லை. 1920களில் மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையில், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிச் சாமான்களை வைத்துத் தந்தித் திணைக்களத்தார் ஒலிபரப்புக் கருவி செய்து கிராமபோன் இசையைக் காற்றில் விட்டார்கள். எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. பிற்பாடு தமிழ்நாடே காது கொடுத்துக் கேட்ட இலங்கை வானொலி அந்த அறையிலிருந்து வந்ததுதான். அந்த வரிசையில் வந்த பிள்ளைகளுக்கு இரண்டு வரி போதாது என்பதுதான் என் ஆதங்கம்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். முதலாம் குறுக்குத் தெருக் கடைக்கார நானாமாரே, ட்ரைவர் தொங்கும் கம்பியில் விலைச் சீட்டோடு இன்னொரு சீட்டும் கட்டுங்கள். டெசிபல், ஓம், மூன்று எண்கள், வளையம் ஃபோமா ரப்பரா என்பது. பெட்டியோடு வரும் காகிதத்தில் இருப்பவைதான், எழுத ஐந்து நிமிடம் போதும். ஆசிரியர் ஐயா, அடுத்த பாடசாலை விடுமுறைக்கு முன் மாணவர் பக்கத்தில் அந்த வர்க்கமூலக் கணக்கை ஒரு உதாரணத்தோடு போடுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அது தெரிந்த கணக்கு. அதோடு அரிசி மணிச் சோதனையையும் சேர்த்துவிடுங்கள், அதற்குச் செலவே இல்லை.

இப்படிக்கு,
சங்கீத ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.